வீட்டிலேயே ஒரே சீரான அம்புகள் கட்டுவது எப்படி: தண்டு வாங்குவது முதல் திடலில் சோதிப்பது வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் திடல்களில் வில்வித்தை பழகும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளையும், அவர்களுக்கு அம்பு கட்டித் தர உட்காரும் அப்பா, மாமா, அண்ணன்மாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலும் 20 முதல் 30 பவுண்டு வரையிலான ரிகர்வ் வில் (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்), கார்பன் அம்பு, 18 மீட்டர் அல்லது 30 மீட்டர் தூரம். நுனிகளில் கப்பி பூட்டிய காம்பவுண்ட் வில்லுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

அம்பு விலை உயர்ந்ததா, பெயர் பெற்ற கம்பெனியா என்பதெல்லாம் அடுத்த கேள்வி. ஒரு பையில் இருக்கும் அம்புகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. எட்டில் ஒன்று மட்டும் மெலிந்தோ கனத்தோ இருந்தால் அது தனியாக ஓரம் போய் விழும். பிள்ளை தன் கை தவறியது என்று நினைத்து, சரியாக இருந்த கையை மாற்றிக்கொள்ளும். பயிற்சியாளரும் தோளைப் பார், முழங்கையைப் பார் என்பார். அம்பின் குறை உடம்பின் குறையாகப் பதிந்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு. கீழே உள்ள படிகளின் வரிசை இதைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது. வரிசையை மாற்றினால் சில வேலைகளைத் திரும்பச் செய்யவே முடியாது.

1. முதலில் மூன்று எண்கள்

தண்டு வாங்குமுன் மூன்றை அளந்து எழுதி வையுங்கள்: விரலில் விழும் இழுவிசை, இழுப்பு நீளம், அம்பின் நீளம்.

வில்லின் கீழ்க்கையில் அச்சிட்டிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுத்தால் வருவது. பதின்மூன்று வயதுப் பிள்ளை 25 அங்குலம்தான் இழுக்கும். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். ஆக 28 என்று எழுதியிருக்கும் வில்லில் அந்தப் பிள்ளையின் விரலில் விழுவது 22 பவுண்டு போலத்தான். அச்சிட்ட எண்ணைப் பார்த்து அம்பு வாங்குவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. தேவைக்கு மேல் விறைப்பான அம்பு வந்து சேரும், வலக்கைப் பிள்ளைக்கு அது இடது பக்கமே ஓடும்.

விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசு போதும். அதன் கொக்கியை நாணில் மாட்டி, பிள்ளை இழுக்கும் அளவுக்கு இழுத்து எடையைப் பாருங்கள். கிலோவில் காட்டினால் 0.4536 ஆல் வகுத்தால் பவுண்டு. 10 கிலோ காட்டினால் 22 பவுண்டு.

இழுப்பு நீளத்தை அளக்க, தேவைக்கு மேல் நீளமான பழைய அம்பு ஒன்றில் அங்குலக் கோடு போட்டு, பிள்ளையை முழுதாக இழுக்கச் சொல்லி, அம்பு தாங்கி (வில்லில் அம்பு உட்காரும் சிறு துண்டு) எந்தக் கோட்டில் இருக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். அளக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் மூச்சை அடக்கி வழக்கத்தைவிட அதிகமாக இழுப்பார்கள். பத்துப் பதினைந்து அம்பு விட்டுக் கொஞ்சம் களைத்த பிறகு வரும் அளவே உண்மையானது. இழுக்கும்போது முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாமல், இலக்கை நோக்கி நிறுத்தியே அளவெடுங்கள். கை நழுவினால் அம்பு பறந்துவிடும்.

அம்பின் நீளம், அந்தக் கோட்டுக்கு மேல் வளரும் பிள்ளைகளுக்கு 2 அங்குலமாவது கூடுதலாக இருக்கட்டும். உயரம் கூடக் கூட இழுப்பும் கூடும். அம்பு குட்டையாகிவிட்டால் முனை தாங்கியிலிருந்து நழுவி உள்ளே விழுந்து, விடும்போது கையில் பாயும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

2. மேசையில் என்ன இருக்க வேண்டும்

0.01 கிராம் வரை காட்டும் சிறு டிஜிட்டல் தராசு, சாதாரண சமையல் தராசு, வெர்னியர் அளவுகோல், ஒரு துண்டுக் கண்ணாடி, இறகைக் கோணம் மாறாமல் பிடித்து ஒட்டும் ஜிக், சூப்பர் குளூ ஜெல், ஹாட்மெல்ட் கோந்துக் குச்சி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, 400 எண் மணல்தாள், மார்க்கர் பேனா, என்95 முகக்கவசம், கையுறை. எல்லாமே இணையக் கடைகளிலும் ஊர் ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கும். தண்டு வெட்டச் சிறு மின்சார ரோட்டரி கருவியும் தேய்த்து அறுக்கும் வட்டத்தகடும் வேண்டும். அதைச் சொந்தமாக வாங்காமல் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் இரவல் கேட்டாலும் சரி.

இதில் பணம் போட வேண்டியது ஜிக்கில்தான். மட்டமான ஜிக்கின் பிடி ஆடும். பிடி ஆடினால் மூன்று இறகும் மூன்று கோணத்தில் ஒட்டும்.

3. தண்டு தேர்வு

கார்பன் தண்டில் 600, 800, 1000 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். அதுதான் ஸ்பைன், அதாவது வளைவு எண். தண்டை 28 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள்மேல் வைத்து, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது அது. 800 என்றால் 0.8 அங்குலம் வளையும். எண் ஏற ஏறத் தண்டு இளக்கமானது, எளிதில் வளையும். பெரிய எண் என்றால் பலமானது என்று நினைத்து வாங்குபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நேர் எதிர்.

எந்த எண் வேண்டும் என்பதைத் தண்டு தயாரிக்கும் கம்பெனியின் அட்டவணையில் பாருங்கள். ஒரு பக்கம் விரலில் விழும் பவுண்டு, மறுபக்கம் அம்பின் நீளம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் எண் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியின் கணக்கும் வேறு, ஆகவே ஒன்றின் அட்டவணையை வைத்து இன்னொன்றின் தண்டை வாங்காதீர்கள்.

இரண்டு எண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், வளரும் பிள்ளைக்குக் கொஞ்சம் விறைப்பானதை எடுத்து நீளமாக விட்டுவையுங்கள். நீளம் கூடினால் அம்பு இளக்கமாக நடந்துகொள்ளும், முனை கனத்தாலும் அப்படியே. ஆறு மாதம் கழித்துப் பவுண்டு ஏறும்போது அதே தண்டு பொருந்தி வரும்.

தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்பதை வைத்துக் கடைக்காரர்கள் விலை ஏற்றுவார்கள்: 0.006 அங்குலம் கோணல் ஒரு விலை, 0.003 ஒரு விலை, 0.001 இன்னும் மேலே. 18 மீட்டரில் பழகும் பிள்ளைக்கு 0.006 தாராளம். அந்த மிச்சப் பணத்தில் தண்டு கூடுதலாக வாங்குங்கள். எட்டு அம்பு தேவை என்றால் 12 தண்டு, எல்லாம் ஒரே பெட்டி, ஒரே தொகுதி எண். இங்கே கூடுதலாக வாங்குவது வீண் செலவு இல்லை. அடுத்த படிக்கு அது அவசியம்.

4. வெட்டுமுன் பிரித்தெடுங்கள்

இந்தப் படியை விட்டுவிட்டு நேராக வெட்ட உட்காருபவர்கள்தான் அதிகம். ஸ்பைன் சோதிக்கத் தண்டு 28 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும். 26 அங்குலத்துக்கு வெட்டிய பிறகு தாங்கியில் வைக்கவே நீளம் போதாது. அதனால் இது வெட்டுவதற்கு முந்தைய வேலை.

முதலில் 12 தண்டுக்கும் எண் போடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி.

ஒரு நீளப் பலகையில் 28 அங்குலம் விட்டு இரண்டு கட்டைகளை நிறுத்தி, ஒவ்வொன்றின் தலையிலும் வி வடிவப் பள்ளம் வெட்டுங்கள். அளவு பள்ளத்தின் நடுவிலிருந்து நடு. ஒரு தண்ணீர்ப் போத்தலில் கொக்கி மாட்டி, சமையல் தராசில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றி, கொக்கியோடு சேர்த்து 880 கிராம் கொண்டுவாருங்கள். இதுதான் உங்கள் எடைக்கல். மூடியை இறுக்கி மூடி, மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வைத்தால் அடுத்த மாதமும் உதவும்.

தண்டை வைத்து, நடுப்புள்ளியின் உயரத்தை வெர்னியரால் பலகையிலிருந்து அளங்கள். போத்தலைத் தொங்கவிட்டு மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் வளைவு. 600 ஸ்பைன் 15.2 மில்லிமீட்டர், 700 என்றால் 17.8, 800 என்றால் 20.3, 900 என்றால் 22.9, 1000 என்றால் 25.4. உங்கள் பலகை கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினாலும் கவலை வேண்டாம். 12 தண்டும் ஒரே பலகையில் ஒரே மாதிரி அளக்கப்பட்டால் போதும், நமக்கு வேண்டியது ஒப்பீடுதான்.

ஒரு தண்டை ஒரு பக்கம் மட்டும் அளந்தால் பாதி உண்மைதான் தெரியும். கார்பன் துணியைச் சுருட்டித்தான் தண்டு செய்கிறார்கள். சுருட்டு முடியும் இடத்தில் சுவர் கொஞ்சம் தடிமனாக அமைந்துவிடும், அந்தப் பக்கம் விறைப்பாக இருக்கும். அதனால் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நாலு பக்கமும் அளந்து, அதிகம் வளைந்த பக்கம் கீழே இருக்கும்போது மேலே தெரியும் இடத்தில், நோக் (நாணில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டு) வரப்போகும் முனையில், சிறு புள்ளி வையுங்கள். எல்லாத் தண்டுக்கும் ஒரே முறையில் வைக்க வேண்டும். இந்தப் புள்ளிக்கு 8ஆம் படியில் வேலை இருக்கிறது.

அப்புறம் எடை. 0.01 கிராம் தராசில் தண்டு நட்டுக்குத்தாக நிற்காது. ஒரு சிறு காகிதக் கோப்பையைத் தட்டில் வைத்து, பூஜ்யமாக்கி, அதில் தண்டைக் கிடையாக வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றடித்தால் எண் ஓடிக்கொண்டே இருக்கும்.

கடைசியாகக் கோணல். கண்ணாடித் துண்டில் தண்டை மெல்ல உருட்டுங்கள். நேரான தண்டு சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோணல் உள்ளது ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக் என்று தட்டும். காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள், கண்ணுக்குத் தெரியாததும் கேட்கும். கோணல் பெரும்பாலும் நுனியில்தான் இருக்கும். எந்த நுனி என்று குறித்துக்கொண்டால், வெட்டும்போது அந்தப் பக்கத்தைக் கழித்துவிடலாம்.

இப்போது நோட்டைப் பாருங்கள். வளைவு அரை மில்லிமீட்டருக்குள், எடை 0.2 கிராமுக்குள் ஒத்துப்போகும் எட்டைத் தனியே எடுங்கள். மிஞ்சிய நாலையும் தூக்கிப் போட வேண்டாம். அவற்றுக்கு வேறு நிற இறகு ஒட்டிக் கிட்டத்தில் நின்று பழகும் அம்பாக வைத்துக்கொள்ளலாம்.

5. வெட்டுதல்

கார்பன் தூள் மிக நுண்ணியது. மூச்சில் போனால் நுரையீரலை உறுத்தும், தோலில் பட்டால் அரிக்கும். முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, கையுறை மூன்றும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே வெட்டுங்கள். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். கார்பன் மின்சாரம் கடத்தும், அதனால் மடிக்கணினி, பிளக் பாயிண்ட் பக்கம் தூள் போகக் கூடாது. வெட்டும் இடத்தை ஈரத் துணியால் துடைத்தபடியே வேலை செய்தால் தூள் பறப்பது குறையும்.

இரும்பு அறுக்கும் வாளால் வெட்டாதீர்கள், பல் கார்பன் நாரைப் பிய்த்துவிடும். குழாய் வெட்டும் கருவியும் ஆகாது, அது நெருக்கி நொறுக்கும். வேகமாகச் சுழலும் தேய்ப்புத் தகடு மட்டும். வெட்டும் இடத்தில் டேப் ஒரு சுற்றுச் சுற்றி, டேப்மேல் கோடு போட்டு, தண்டைக் கையால் மெல்ல உருட்டிக்கொண்டே வெட்டினால் நார் பிரியாது.

முதல் நாளே எட்டையும் இறுதி அளவுக்கு வெட்டக் கூடாது. குறித்த நீளத்தைவிட அரை அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். 10ஆம் படியில் அம்பு இளக்கமாக இருக்கிறது என்று தெரிந்தால் இந்த அரை அங்குலத்திலிருந்து கழித்து விறைப்பாக்கலாம். வெட்டியதை ஒட்ட வழியில்லை.

வெட்டிய முகம் சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க, விளிம்பு முழுக்க மார்க்கரால் கறுப்படியுங்கள். செங்கோணக் கட்டை ஒன்றில் மணல்தாளை ஒட்டி, தண்டைக் கட்டையின் பக்கத்தில் அணைத்து, திருப்பித் திருப்பி லேசாகத் தேயுங்கள். மை ஒரு பக்கம் மட்டும் போனால் அந்தப் பக்கம் உயரம். வட்டம் முழுக்க ஒரே சமயத்தில் மை மறையும்வரை தேயுங்கள். முகம் சாய்ந்திருந்தால் முனையும் சாய்ந்து உட்காரும். பிறகு எவ்வளவு நல்ல இறகு ஒட்டினாலும் அந்த அம்பு தள்ளாடித்தான் போகும்.

6. முனை

முனைக்கு ஹாட்மெல்ட் கோந்து மட்டும் போதும். எபாக்சி போட்டால் கழற்ற முடியாது, நாமோ முனையைக் கழற்றி மாற்றப்போகிறோம்.

தண்டின் உள்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை துடைக்க வேண்டும். திடலில் முனை கழன்று இலக்குப் பாயின் உள்ளேயே தங்கிப்போவதற்குப் பெரும்பாலான காரணம் உள்ளே மிஞ்சிய இந்தத் தூள்தான். முனையின் காம்பையும் மணல்தாளால் லேசாகக் கீறித் துடையுங்கள்.

சூட்டை முனையில் காட்டுங்கள், தண்டில் காட்டாதீர்கள். கார்பனைப் பிணைத்திருக்கும் பிசின் அதிகச் சூட்டில் இளகிப் பலம் இழக்கும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. முனையின் கூரைக் குறடால் பிடித்துச் சிறு தீயில் காட்டி, காம்பில் கோந்து உருகும் அளவு சூடானதும் கோந்தைத் தடவி, திருகிக்கொண்டே உள்ளே தள்ளி, நேராகத் தண்ணீரில் முக்குங்கள். தண்டின் நுனியை விரலால் பிடித்திருங்கள். விரல் பொறுக்காத சூடு தண்டுக்கும் ஆகாது.

உடைத்து எடை குறைக்கும் முனை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கனமாகத் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வரலாம். கழற்ற வேண்டிய நேரத்தில், கொதித்து இறக்கிய தண்ணீரில் முனைப் பகுதியை மட்டும் அரை நிமிடம் வைத்து, குறடால் திருகி இழுத்தால் வந்துவிடும். நெருப்புக்கு இங்கே வேலையில்லை.

7. நோக்

நாணில் மாட்டும் பிளாஸ்டிக் துண்டுதான் நோக். சின்னப் பொருள், ஆனால் அம்பு நாணை விட்டுப் பிரியும் கணம் இதன் கையில்தான் இருக்கிறது.

நோக்கை நாணில் மாட்டி, வில்லைத் தரையை நோக்கிப் பிடித்து, அம்பைக் கையை விட்டுத் தொங்கவிடுங்கள். விழக் கூடாது. இப்போது நோக்குக்குப் பக்கத்தில் நாணை விரலால் ஒரு தட்டு. அம்பு விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் இறுக்கம், அம்பு பிரியும்போது இழுபடும். தட்டாமலே விழுந்தால் தளர்ச்சி, இழுக்கும்போது நழுவி வெறும் நாண் அடிபட்டு வில்லே உடையலாம். சரிசெய்ய வேண்டியது நாணின் நடுச்சுற்று நூலைத்தான். நோக்கின் வாயைச் சீவி அகலப்படுத்தாதீர்கள், எட்டும் எட்டு விதமாகிவிடும்.

நோக் தண்டில் தளர்வாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் உறைத் துணுக்கு ஒன்றை இடையில் வைத்துச் செருகுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். நோக் செய்யும் பாலிகார்பனேட் அதில் மயிரிழையாக வெடிக்கும். அசிட்டோனும் அப்படியே, நோக்கின் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

8. இறகு

இறகு ஒட்டுமுன் நோக் செருகியிருக்க வேண்டும், ஏனென்றால் ஜிக் நோக்கின் வாயைப் பிடித்துத்தான் கோணத்தை அளக்கிறது. 4ஆம் படியில் வைத்த புள்ளி இப்போது வேலைக்கு வருகிறது. எட்டிலும் அந்தப் புள்ளி நோக்கின் வாய்க்கு ஒரே திசையில் இருக்கும்படி நோக்கைத் திருப்பி வையுங்கள். விடும்போது எல்லா அம்பும் ஒரே பக்கமாக, ஒரே அளவாக வளையும். பணச் செலவே இல்லாமல் கிடைக்கும் துல்லியம் இது, ஆனாலும் செய்பவர்கள் குறைவு.

மூன்று இறகு, 120 பாகை இடைவெளி. அதில் ஒன்று வேறு நிறம். வலக்கைப் பிள்ளைக்கு அந்த வேறு நிற இறகு வில்லுக்கு எதிர்ப்புறம், இடது பக்கம் பார்த்திருக்கும். மற்ற இரண்டும் வில்லில் உரசாமல் தப்பும்.

வெளித்திடலுக்குப் பிளாஸ்டிக் இறகு. உண்மையான பறவை இறகு எடை குறைவு, தாங்கியில் உரசினாலும் மடங்கிக்கொடுக்கும், மண்டபத்தில் அருமையாக வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் மூன்று மணிக்கு மேல் இடி இடித்து மழை பிடித்தால் நனைந்து படுத்துவிடும்.

தண்டைத் துடைத்த பிறகு இறகு வரும் இடத்தை விரலால் தொடாதீர்கள். இறகின் அடிப்பக்கத்தையும் துடையுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழவழப்பு அதில் ஒட்டியிருக்கும். ஒரு வாரத்தில் வரிசையாக இறகு உரிந்தால் கோந்தைத் திட்டுகிறோம், பெரும்பாலும் தவறு இந்தத் துடைக்காத வழவழப்பில்தான்.

ஜெல்லை மெல்லிய ஒரே கோடாக இழுத்து, ஜிக்கில் வைத்து அழுத்தி, நகராமல் பிடியுங்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் சூப்பர் குளூ சீக்கிரம் பிடிக்கும், வைத்த பிறகு நகர்த்தித் திருத்த நேரம் கிடைக்காது. அதே ஈரத்தால் திறந்த குழாயும் கட்டிப்படும். மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் போட்டு வையுங்கள். மூன்றும் ஒட்டியபின் ஒவ்வொரு இறகின் முன் நுனியிலும் பின் நுனியிலும் ஒரு துளி கூடுதல். இலக்குப் பாயில் நுழையும்போது உரிவது முன் நுனியிலிருந்துதான் தொடங்கும்.

இறகின் பின் விளிம்பு நோக்கின் வாயிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி இருக்கட்டும். இன்னும் கிட்டே போனால் விரலிலும் தாடையிலும் உரசும். ஒன்றிரண்டு பாகை சாய்த்து ஒட்டினால் அம்பு சுழன்று நிலைப்படும். எட்டும் ஒரே பக்கச் சாய்வாக இருக்க வேண்டும்.

எட்டில் இரண்டுக்கு இறகு ஒட்டாமல் வைத்திருங்கள். சோதனைக்கு அவை மொட்டையாகவே வேண்டும்.

போட்டிக்குப் போகிறவர்கள் கவனிக்க: உலக வில்வித்தைச் சம்மேளன விதிப்படி தண்டின் விட்டம் 9.3 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. தண்டில் வீரரின் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும். ஒரு சுற்றில் விடும் அம்புகள் இறகு, நோக், நிறம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். மிஞ்சிய நாலு தண்டுக்கு வேறு நிறம் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம், பையில் கலந்துவிடக் கூடாது.

9. எடையும் சமநிலையும்

கட்டி முடித்த அம்பை மறுபடி நிறுங்கள். அம்பு உலகில் கிரெய்ன் என்ற அளவு புழங்குகிறது. ஒரு கிராம் 15.43 கிரெய்ன். அம்பின் மொத்த எடை இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் கீழே போனால் வில்லுக்கு ஆபத்து. 24 பவுண்டு வில்லுக்கு 120 கிரெய்ன், அதாவது 7.8 கிராம். நாம் கட்டும் அம்பு இதைத் தாராளமாகத் தாண்டும், ஆனாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கத்தி முதுகில் அம்பை வைத்து, சமமாக நிற்கும் இடத்தைக் குறியுங்கள். நோக்கின் வாயிலிருந்து தண்டு முடியும் இடம்வரை 28 அங்குலம், சமநிலைப் புள்ளி நோக்கிலிருந்து 17.5 அங்குலம் என்று வைப்போம். பாதி நீளம் 14. வித்தியாசம் 3.5. அதை 28 ஆல் வகுத்தால் 12.5 விழுக்காடு. 11 முதல் 16க்குள் இருந்தால் ரிகர்வ் வில்லுக்கு நல்லது. அதற்குக் கீழே போனால் காற்றில் அலையும், மேலே போனால் தூரத்தில் சீக்கிரம் தலை கவிழும்.

10. திடலில் சோதனை

முதலில் இடம். தோட்டத் திடலுக்குப் பின்னால் செம்பனை வரிசை இருக்கும், அதற்குள் ஆள் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். குலை வெட்டுகிறவர்கள், உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள், மாடு மேய்ப்பவர்கள் எந்த நேரமும் வரலாம். மண்மேடோ தடுப்பு வலையோ பின்னால் இல்லாத இடத்தில் இலக்கை நிறுத்தாதீர்கள். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

18 மீட்டரில் இறகுள்ள அம்பு மூன்று, மொட்டை அம்பு இரண்டு. பிள்ளையின் மூன்று அம்பும் ஓரளவு கூடி விழும் நிலைக்கு வந்த பிறகே இந்தச் சோதனை. சிதறி விழும் நிலையில் சோதித்தால் வரும் விடைக்குப் பொருளில்லை.

வலக்கைப் பிள்ளையின் மொட்டை அம்பு கூட்டத்துக்கு இடது பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு. முனையைக் கனமாக்குங்கள், அல்லது பக்கவாட்டு பிளஞ்சரின் (அம்பு பக்கவாட்டில் சாயும், சுருள் வைத்த பொத்தான்) சுருளை இளக்குங்கள். வலது பக்கம் விழுந்தால் இளக்கம். முனையைக் குறையுங்கள், போதாவிட்டால் தண்டில் கால் அங்குலம் கழியுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழ். மொட்டை அம்பு கூட்டத்துக்கு மேலே விழுந்தால் நாணில் நோக் மாட்டும் புள்ளி தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். கீழே விழுந்தால் இறக்குங்கள். மேல் கீழை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் இடம் வலத்துக்குப் போக வேண்டும். அம்பு தாங்கியில் மோதித் துள்ளினால் இடம் வலமும் பொய்யாகக் காட்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். முனையையும் பிளஞ்சரையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

சரியானதும் மொட்டை அம்பு இரண்டுக்கும் இறகு ஒட்டி, எட்டையும் விட்டு, ஒவ்வொரு எண்ணும் எங்கே விழுந்தது என்று இலக்குப் படம் வரைந்த தாளில் குறியுங்கள். பத்துச் சுற்றுக் குறித்தால் தெளிவாகும். “சார், அஞ்சாம் நம்பர் மட்டும் பேச்சே கேக்கல” என்று ஒரு பெண் குறிப்பைக் காட்டிச் சொன்னாள். அவள் சொன்னது சரி, நோக் கால் சுற்றுத் திரும்பியிருந்தது. திருப்பி வைத்ததும் கூட்டத்துக்குள் வந்துவிட்டது. குறிப்பு இல்லாவிட்டால் அன்று நாங்கள் அவள் தோளைத்தான் திருத்தியிருப்போம்.

நோக்கைத் திருப்பியும் அடங்காத அம்பைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். நல்ல அம்பு ஏழு இருந்தாலே ஆறு அம்புச் சுற்றுக்குப் போதும்.

11. தினமும் பார்க்க வேண்டியவை

திடலில் ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அம்பின் இரு முனையையும் பிடித்து லேசாக வளைத்துக் காதில் கேளுங்கள். நறநற என்று சத்தம் வந்தாலோ, முறுக்கும்போது இளகினாலோ, மயிரிழைக் கீறல் தெரிந்தாலோ அந்த அம்பு முடிந்தது. வெடித்த கார்பன் அம்பு விடும்போது உடைந்தால் வில் பிடித்த கையில் சிராய் பாயும். நோக்கைக் கழற்றிவிட்டு, தண்டை இரண்டாக ஒடித்து, டேப் சுற்றிக் குப்பையில் போடுங்கள். முழுசாக வைத்தால் யாராவது சின்னப் பிள்ளை எடுத்து மறுபடி விடும்.

அம்பு பிடுங்கும்போது பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் இலக்கை அழுத்தி, தண்டை நேராக இழுங்கள். பின்னால் ஆள் நிற்கக் கூடாது. நோக் முகத்தில் குத்திவிடும்.

தவறி லாலாங் புல்லில் போன அம்பைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். மேலாகப் பாய்ந்த அம்பு மண்ணோடு மண்ணாகப் படுத்திருக்கும். மறுநாள் புல் வெட்டும் இயந்திரம் ஏறினால் சிராய் சிராயாகச் சிதறும். வெறுங்காலோடு பந்து விளையாடும் பிள்ளைகளும் மாடுகளும் நடக்கும் இடம் அது. தகர டப்பா ஒன்றில் காந்தத்தைக் கட்டி இழுத்தால் இரும்பு முனை உள்ள அம்பு புல்லுக்குள் இருந்தாலும் அசையும். துருப்பிடிக்காத எஃகு முனையாக இருந்தால் பலவற்றைக் காந்தம் இழுக்காது, காலால் புல்லைத் தடவித்தான் தேட வேண்டும்.

மூடிய காரில் வெயிலில் பையை விடாதீர்கள். ஹாட்மெல்ட் இளகி முனை தளரும், பிளாஸ்டிக் இறகு நெளியும். நெளிந்த இறகை வெந்நீர் ஆவியில் காட்டி நிமிர்த்தலாம், ஆனால் தளர்ந்த முனையை மறுபடி கழற்றித் துடைத்துத்தான் ஒட்ட வேண்டும்.

தண்டுப் பெட்டியில் உள்ள தொகுதி எண்ணையும், உங்கள் எட்டு அம்பின் வளைவு, எடை, முனை எடை, வெட்டிய நீளம், இறகின் சாய்வு எல்லாவற்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அம்பு உடைந்து மாற்று கட்டும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கட்டினால் புதியது பழைய ஏழோடு சேர்ந்து விழும். தொகுதி மாறினால் ஒன்றிரண்டு மட்டும் சேர்க்காதீர்கள், நாலாம் படியிலிருந்து முழுச் செட்டாகக் கட்டுங்கள்.